அம்மாவுக்குப் போட்ட ஐந்து நாள் திட்டம்

அடுத்தவர்களுடைய விடுமுறையைத் திட்டமிடுவதுதான் என் பிழைப்பு. நுவரெலியாவில் ஒரு கடை மாடியில் எங்கள் அலுவலகம் இருக்கிறது. இரண்டு மேசை, ஒரு கணினி, சுவரில் மலைகளின் படம். வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் எங்கே தங்குவது, எதில் போவது, எந்த வளைவில் வேனை நிறுத்திப் படம் எடுப்பது என்பதையெல்லாம் நான் எழுதிக் கொடுப்பேன். பல நேரம் வழிகாட்டியாகக் கூடவே போவேன். நகரத்தில் ஓர் இரவு, நாட்டுப்புறத்தில் இரண்டு இரவு, கடைசியில் ஏரிக்கரையில் ஓர் இரவு. எங்கள் இட்டலித் தட்டு அதுதான். யார் வந்தாலும் அதில் ஊற்றி எடுத்துக் கொடுத்துவிடுவேன். சாப்பிட்டவர்கள் யாரும் குறை சொன்னதில்லை.

இந்தத் தொழிலில் ஒரு கொடுமை உண்டு. ஊரெல்லாம் விடுமுறையில் இருக்கும்போது எங்களுக்கு மூச்சுவிட நேரமில்லை. மார்கழியில் சிவனொளிபாத மலைக்கு ஆட்கள் ஏறத் தொடங்கினால் அது முடிய வைகாசி ஆகும். நடுவில் சித்திரையில் நுவரெலியா சீசன். அந்த மாதங்களில் லீவு கேட்டால் முதலாளி என்னை ஏதோ வேற்று மொழி பேசியவனைப் போலப் பார்ப்பார். பிறகு மழை இறங்கும். ஹோட்டல்கள் காலியாகும். அப்போதுதான் எங்களுக்கு லீவு, அப்போதுதான் எங்களைப் போன்றவர்கள் உள்ளே போகிற அளவுக்கு வாடகையும் இறங்கும். அப்படி ஒரு மழைக்காலத்தில்தான் அம்மாவை ஊர் சுற்றிக் காட்ட முடிவு செய்தேன்.

அம்மா லிந்துலைக்குப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளில் ஒன்றில் இருக்கிறாள். அப்பா போன பிறகு தனியாக. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து கொழுந்து எடுத்தாள். வேலையிலிருந்து நின்ற பிறகும் விடியற்காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குக் கிளம்புகிற நேரத்துக்கு எழுந்து, போக இடமில்லாமல் அடுப்பங்கரையில் உட்கார்ந்திருப்பாள். கொழும்பை இரண்டு முறை பார்த்திருக்கிறாள். இரண்டும் ஆஸ்பத்திரிக்குப் போனது.

“எங்கம்மா போகணும்?” என்று கேட்டேன்.

“மஸ்கெலியாப் பக்கம் ஒரு தடவ போனாப் போதும்டா. அந்தத் தண்ணிக்கிட்ட.”

இதை அவள் முதல் தடவையாகச் சொல்லவில்லை. அவள் பிறந்தது மஸ்கெலியாவில். அணை கட்டி நீர்த்தேக்கம் நிரம்பியபோது பழைய ஊரும் கோயிலும் அவர்கள் இருந்த லயமும் தண்ணீருக்குள் போய்விட்டன. அப்போது அவளுக்குப் பன்னிரண்டு பதின்மூன்று வயது. அவர்களை வேறு தோட்டத்துக்கு மாற்றிவிட்டார்கள். இது எனக்குத் தெரிந்த கதைதான். தெரிந்த கதை என்பதால் காதில் வாங்கிக்கொள்ளவில்லை. ஏரிக்கரை என்று மட்டும் குறித்துக்கொண்டேன். ஏரிக்கரை ஒன்றை வைத்து என்ன செய்வது? நகரம் வேண்டும், நாட்டுப்புறம் வேண்டும். வெள்ளைக்காரர்களுக்குக் கொடுப்பதில் அம்மாவுக்கு ஒரு துளியும் குறையக் கூடாது என்று எனக்கு ஒரு வீம்பு. கணினியில் உட்கார்ந்து, தலைப்பெல்லாம் போட்டு, ஐந்து நாளைக்குத் திட்டம் அடித்து, தாளை அவள் கையில் கொடுத்தேன். அவள் அதை மடித்துச் சாமிப் படத்துக்குப் பின்னால் செருகி வைத்தாள்.

முதல் நாள் கண்டி. ஹோட்டலில் மின்தூக்கிக்குள் நுழைந்ததும் என் சட்டையைப் பிடித்துக்கொண்டவள் நான்காம் மாடி வரை விடவில்லை. அறையில் இரண்டு கட்டில்கள். வெள்ளை விரிப்பைப் பார்த்துவிட்டு, “இதுல படுத்தா யாரு தொவைக்கிறது?” என்றாள். காலையில் நான் கண் விழித்தபோது விரிப்புகள் மடிக்கப்பட்டிருந்தன. குளியலறைத் தரை துடைக்கப்பட்டிருந்தது. அறை சுத்தம் செய்ய வந்த பெண் பயந்துபோய், ஏதாவது குறையா என்று என்னிடம் சிங்களத்தில் கேட்டாள். அந்த ஹோட்டலில் எல்லோருக்கும் என்னைத் தெரியும். விருந்தினர்களோடு மாதம் இரண்டு தடவை வந்து போகிறவன். அம்மா வரவேற்பு மேசைக்காரனைக் கும்பிட்டபோது எனக்குக் கழுத்து வரை கூசியது. கூசியது என்று எழுதவே இப்போது கூசுகிறது. ஆனால் கூசியதுதான்.

மறுநாள் ரயில் ஏறிப் பட்டிப்பொலைக்குப் போனோம். கண்டியிலிருந்து பட்டிப்பொலைக்குப் போகும் ரயில் எங்கள் லிந்துலைக்கு இறங்குகிற தலவாக்கலை வழியாகத்தான் போகும். திட்டம் போடும்போது அது எனக்குத் தோன்றவே இல்லை. தலவாக்கலை வந்ததும் அம்மா பையைத் தூக்கிக்கொண்டு எழுந்துவிட்டாள்.

“நம்ம ஸ்டேசன் வந்திருச்சுடா. எறங்கல?”

“இன்னும் மேல போறோம்மா.”

“வீட்டத் தாண்டியா?”

பட்டிப்பொலையில் எங்கள் விருந்தினர்கள் மிகவும் விரும்பும் பண்ணை வீடு ஒன்று உண்டு. கேரட் பாத்தி, லீக்ஸ் பாத்தி, இரண்டு மாடு, நிறைய பனி. காலையில் பண்ணைக்காரர் பால் கறக்கக் கற்றுக்கொடுப்பார். போன முறை வந்த ஒரு பெண்மணி அதில் கண் கலங்கினார். அம்மா மாட்டைச் சுற்றி வந்தாள், மடியைப் பார்த்தாள், “புண்ணு இருக்கு, மஞ்சள் போடச் சொல்லு” என்றாள். பிறகு பாத்தி ஓரமாக நின்று கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “இதுக்கா இவ்வளவு தூரம் வந்தோம்? நம்ம லயத்துக்குப் பின்னாலயே கோவா, கேரட்டெல்லாம் போட்டிருக்கோமேடா” என்றாள். மூன்றாம் நாள் பகல் முழுக்கப் போர்வைக்குள் உட்கார்ந்திருந்தாள். எப்போது மஸ்கெலியா, எப்போது மஸ்கெலியா என்று மூன்று முறை கேட்டாள். நாளைக்கு என்றேன். எங்கள் தொழிலில், நல்லதைக் கடைசியில் வைக்க வேண்டும் என்பது பாடம்.

நான்காம் நாள் ரயிலில் திரும்பி, தலவாக்கலையை மறுபடியும் தாண்டி, ஹட்டனில் இறங்கி, பஸ் பிடித்து மஸ்கெலியாவுக்குப் போனோம். இந்த முறை அம்மா எழுந்திருக்கவில்லை. தன் ஸ்டேசனை ஜன்னல் வழியாகச் சும்மா பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஏரிக்கரைப் பங்களா ஒரு காலத்தில் தோட்டத்தை நிர்வகித்த துரை இருந்த பங்களா. இப்போது தங்கும் விடுதி. வாசலுக்கு ஏறும் கல்படியில் நான் ஏறிவிட்டுத் திரும்பிப் பார்த்தால் அம்மாவைக் காணவில்லை. அவள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, பூச்செடிகளை ஒட்டி நடந்து, பின்பக்கம் குசினிக் கதவுக்குப் போய் நின்றிருந்தாள். துரை பங்களாவுக்கு முன்வாசல் வழியாகத் தோட்டத்து ஆட்கள் போகிற வழக்கம் கிடையாது. யாரும் அவளுக்குச் சொல்லவில்லை, யாரும் தடுக்கவில்லை. கால் தானாகப் போயிருக்கிறது. சமையற்காரர் அவளை யாரோ வேலை கேட்டு வந்தவள் என்று நினைத்து முக்காலி போட்டுத் தேநீர் கொடுத்திருந்தார். “இது எங்கம்மா” என்று நான் போய்ச் சொன்னதும் அவர் பதறிப்போனார். அன்றைக்கு நான் அப்படிச் சொன்னேன் என்பதையும் எழுதிவைக்க வேண்டும்.

மழை விட்டதும் அம்மாவைப் புல்வெளிக்குக் கூட்டிப் போனேன். ஏரி விளிம்பு வரை நிறைந்து கிடந்தது. மலையும் மேகமும் அதில் தலைகீழாக நின்றன. விருந்தினர்களை நான் நிறுத்தும் இடத்தில் அவளையும் நிறுத்தி, விருந்தினர்களிடம் சொல்வது போலவே, “எப்படி இருக்கு?” என்றேன்.

அவள் பையைத் திறந்தாள். பழைய பத்திரிகைத் தாளில் சுற்றிய ஒரு பொட்டலம். அதற்குள் சிவப்புப் பூப் போட்ட சின்னக் கவுன், இரண்டு கண்ணாடி வளையல், ரிப்பன், ஒரு சூடப் பெட்டி.

அந்த மாதிரிக் கவுனை எனக்குத் தெரியும். ஒவ்வொரு தீபாவளிக்கும் முதல் நாள் எங்கள் வீட்டில் படையல் வைக்கும்போது ஒரு சின்னக் கவுன் இருக்கும். வீட்டுக் கன்னிக்கு என்பார்கள். கல்யாணம் ஆகாமல் செத்துப்போன பெண்பிள்ளை வீட்டுக்குத் தெய்வம். மறுநாள் அந்தக் கவுனை லயத்தில் யாராவது ஒரு பெண்குழந்தைக்குக் கொடுத்துவிடுவாள் அம்மா. எங்கள் வீட்டுக் கன்னி, அம்மாவின் தங்கை; எனக்குச் சித்தி. நாலு வயதில் காய்ச்சலில் போனவள். அவளை எங்கே புதைத்தார்கள் என்று நான் கேட்டதே இல்லை.

“கோயிலுக்குப் பின்னாலடா. எங்கப்பா ஒரு அம்மிக்கல்லக் கொண்டாந்து தலமாட்டுல போட்டாரு. ஒரு பக்கம் ஒடஞ்ச அம்மி. அடையாளத்துக்கு. அப்புறம் தண்ணி வந்திருச்சு. ஒரு தடவயாவது அந்த எடத்துலயே வச்சுக் கும்புடணும்னு இருந்தேன். வீட்டுல வச்சு வச்சுக் கும்புட்டா அதுக்கு எப்புடித் தெரியும், அது இங்கல்ல கெடக்கு?”

அவள் தண்ணீரை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை பார்த்தாள். “தண்ணி வத்துற காலத்துல கோயில் தெரியும்னு சொல்றாங்களே. அது எப்ப?”

எனக்குத் தெரியும். மாசி, பங்குனியில் தண்ணீர் இறங்கும். நல்ல வெயில் வருடத்தில் கோயில் முழுதாக வெளியே வரும். சேற்றில் நடந்தே போகலாம். அந்த இடம் எங்கள் திட்டத்தில் இருக்கிறது. சீசனில் வருகிறவர்களுக்கு அது ஒரு தனிக் கவர்ச்சி.

“மாசியில” என்றேன்.

“நீ பாத்திருக்கியா?”

“பாத்திருக்கேன்.”

“எத்தன தடவ?”

“நாலஞ்சு தடவ இருக்கும்.” பொய். இருபதுக்குக் குறையாது.

ஒரு பக்கம் உடைந்த அந்த அம்மிக்கல்லையும் எனக்குத் தெரியும். சுற்றிலும் சேறாக இருக்கும் அந்த இடத்தில் சமமாக இருப்பது அது ஒன்றுதான். விருந்தினர்கள் படம் எடுத்துக் களைத்ததும் நான் பிளாஸ்கையும் கோப்பைகளையும் பிஸ்கட் தட்டையும் அதன் மேல்தான் பரப்புவேன். என் சித்தியின் தலைமாட்டில் வருடக்கணக்காகத் தேநீர் ஊற்றிக் கொடுத்திருக்கிறேன். இதை அம்மாவிடம் சொல்லவில்லை. அன்றைக்கும் சொல்லவில்லை, இன்றைக்கும் சொல்லவில்லை.

“நீ ஊருக்கெல்லாம் காட்டுற. ஒரு வார்த்த சொல்லியிருந்தா நானும் வந்திருப்பேன்ல” என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை. மழை மறுபடியும் தூறத் தொடங்கியது. அவள் கவுனை நனையாமல் தாளில் சுற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

“வர்ற மாசியில நானே கூட்டிட்டு வர்றேன்மா” என்றேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன்.

மாசி வந்தது. மழை இல்லாத வருடம். தண்ணீர் மளமளவென்று இறங்கியது. அலுவலகத் தொலைபேசி ஓயவில்லை. அம்மா ஒரு சனிக்கிழமை கூப்பிட்டாள். அடுத்த வாரம் என்றேன். அடுத்த வாரமும் அதையே சொன்னேன். மூன்றாம் வாரம் அவள் கூப்பிடவில்லை. அப்பாடா என்று இருந்தது எனக்கு.

அந்த மூன்றாம் வாரத்தில்தான் ஒரு வெளிநாட்டுத் தம்பதியைக் கூட்டிக்கொண்டு மஸ்கெலியாவுக்குப் போனேன். நல்ல மனிதர்கள். கேள்வி நிறையக் கேட்பவர்கள். நான் எந்த ஊர் என்று கேட்டிருந்தார்கள். நுவரெலியா டவுன், அப்பா கந்தோரில் எழுத்து வேலை பார்த்தார் என்று சொல்லியிருந்தேன். அது நான் எல்லோருக்கும் சொல்கிற பதில். ஆரம்பத்தில் உண்மையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒருமுறை அப்படிச் சொன்னதும் நாலு பேர் கொண்ட ஒரு குழு, லயத்தைப் பார்த்தே ஆக வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றது. கூட்டிப் போனேன். அம்மா எல்லோரும் குளிக்கிற பீலியடியில் ஈரப் பாவாடையோடு நின்றிருந்தாள். படம் எடுத்தார்கள். அவள் கையில் சாக்லேட் கொடுத்தார்கள். அவள் சிரித்துக்கொண்டே நின்றாள். அவர்கள் போன பிறகு, “குளிக்கிற எடத்துக்கா ஆளக் கூட்டியாருவ?” என்று மட்டும் கேட்டாள். அதற்குப் பிறகு எனக்கு லயம் இல்லை, தோட்டம் இல்லை, அம்மா இல்லை. அவளைக் காப்பாற்றத்தான் அந்தப் பொய் என்று வெகுநாள் நம்பிக்கொண்டிருந்தேன்.

வேனை மேலே நிறுத்திவிட்டு இறங்கினோம். மேலே காய்ந்து வெடித்து உள்ளே ஈரமாக இருந்த சேற்றில் என் பூட்ஸ் சத்தம் போட நடந்தோம். கோயிலின் முன்பக்கத்தைக் காட்டி, வழக்கமாகச் சொல்லும் கதையைச் சொன்னேன். பிறகு பிளாஸ்கோடு பின்பக்கம் திரும்பினேன்.

அம்மிக்கல்லுக்கு முன்னால் அம்மா உட்கார்ந்திருந்தாள்.

தனியாக வந்திருக்கிறாள். லிந்துலையிலிருந்து தலவாக்கலை, அங்கிருந்து ஹட்டன், அங்கிருந்து மஸ்கெலியா என்று மூன்று பஸ் மாறி. முழங்கால் வரை சேறு. கல்லைக் கழுவியிருந்தாள். அதன் மேல் சிவப்புப் பூப் போட்ட கவுன் விரித்துக் கிடந்தது. அதன் மேல் வளையல், ரிப்பன், ஒரு வெல்லக் கட்டி. கல்லுக்கு முன்னால் சூடம் எரிந்து முடியும் நேரம்.

என்னைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்தது. நான் வாக்குக் கொடுத்தபடி வந்துவிட்டேன் என்று ஒரு கணம் நினைத்தாள். அந்த ஒரு கணத்தை நான் பார்த்தேன். பிறகு எனக்குப் பின்னால் வந்தவர்களையும் பார்த்தாள்.

அந்த வெளிநாட்டு அம்மாள் மெதுவாக, “இவரை உங்களுக்குத் தெரியுமா?” என்று கேட்டார்.

தெரியும் என்று சொல்ல ஒரு சொல் போதும். ஆனால் நுவரெலியா டவுன் இருந்தது, கந்தோர் அப்பா இருந்தார், இன்னும் இரண்டு நாள் பயணம் மிச்சம் இருந்தது. தலையை இடவலமாக ஆட்டினேன். “இல்லை. தோட்டத்து அம்மா ஒருவர். தண்ணீர் வற்றும்போது இவர்கள் வந்து கும்பிடுவார்கள். இவர்களுடைய வழக்கம்.”

அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது. தலையாட்டல் தெரியும். நாற்பது வருடம் துரையும் வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கும் தனக்கு விளங்காத மொழியில் தன்னைப் பற்றிப் பேசுவதைப் பார்த்து நின்றவள். அவள் எழுந்து, முந்தானையை இழுத்துச் செருகி, இரண்டடி ஒதுங்கி நின்றாள். கண்டாக்கு கொழுந்து வரிசையைத் தாண்டிப் போகும்போது அப்படித்தான் ஒதுங்குவாள். நான் என்ன செய்கிறேன் என்று தெரியாமலே வழக்கப்படி கல்லருகே குனிந்திருக்கிறேன். கையில் பிளாஸ்க்.

“ஐயா” என்றாள் என்னைப் பார்த்து. “இந்தக் கல்லுமேல மட்டும் ஒண்ணும் வச்சிராதீங்க ஐயா. சின்னப் புள்ள படுத்திருக்கு.”

நிமிர்ந்தேன். அவள் முகத்தில் ஒன்றும் இல்லை. நான் மறைக்க நினைத்ததை எனக்காக அவளும் சேர்ந்து மறைத்தாள், என்னைவிட நன்றாக.

“என்ன சொல்கிறார்?” என்று அந்த மனிதர் கேட்டார்.

“யாரோ ஒரு குழந்தையின் சமாதியாம்.”

அந்த அம்மாள் உடனே குனிந்து செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார். கணவரும் கழற்றினார். சேற்றில் வெறுங்காலோடு கொஞ்ச நேரம் தலை குனிந்து நின்றார்கள். படம் எடுக்கவில்லை. பிறகு அந்த அம்மாள் என்னிடம், “யாருடைய குழந்தை என்று கேட்டுச் சொல்ல முடியுமா?” என்றார்.

கேட்கவில்லை. தெரியாதாம் என்றேன்.

தேநீரை மேலே வேனில் வைத்துக் கொடுத்தேன். ஹட்டன் பாதையில் பஸ் நிறுத்தத்தில் அம்மா நின்றிருந்தாள், பை காலியாகத் தோளில் தொங்கியது. வேனில் நாலு இருக்கை காலி. டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, வேன் அவளைத் தாண்டும் வரை நான் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சனிக்கிழமை வீட்டுக்குப் போனேன். ரொட்டி சுட்டு, தேங்காய்ச் சம்பல் அரைத்து வைத்திருந்தாள். வழக்கம் போல “டா” போட்டாள், வழக்கம் போல ரெண்டு ரொட்டி கூட வைத்தாள். நானே ஆரம்பித்தேன். அடுத்த மாசிக்கு எப்படியும் லீவு போட்டுவிடுகிறேன், ரெண்டு பேருமாகப் போகலாம் என்றேன்.

“எதுக்கு லீவு? வழி தெரிஞ்சிருச்சு. நானே பஸ்ஸுல போயிக்கிறேன்” என்றாள். அடுப்பை ஊதிவிட்டு, “அந்த வெள்ளக்காரம்மா நல்ல அம்மாடா. செருப்பக் கழட்டுச்சு” என்றாள்.

என் பூட்ஸில் அந்தச் சேறு இன்னும் காய்ந்து ஒட்டியிருந்தது. அதை வாசலில் கழற்றி வைத்துவிட்டுத்தான் உள்ளே வந்திருந்தேன்.